ஓய்வு பெற்ற பிறகு ஒரு பழைய படகு

(நமது பாலக்காடு பகுதி நேர நிருபர்)

ரயில்வேயில் ஒருவர் ஓய்வு பெறுகிறார் என்றால், மாதக் கடைசி நாளன்று மாலையும் கழுத்துமாக நிற்பவரிடம் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "இனிமேல் என்ன செய்யப் போகிறீர்கள்?"

பாலக்காட்டில் கேட்டாலும் ஷொரனூரில் கேட்டாலும் பதில் நாலைந்துக்கு மேல் இல்லை. ஊரில் பாதியில் நிற்கிற வீட்டைக் கட்டி முடிக்க வேண்டும். மகள் கல்யாணத்தை நடத்த வேண்டும். பாஸ் இருக்கிறது, ஒரு முறை காசிக்குப் போய் வர வேண்டும். மூணாறு, பீருமேடு, வண்டிப்பெரியார் எஸ்டேட்டுகளில் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு விதம். வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் விட வேண்டும். அவர்களைப் பொறுத்தவரை என்ன செய்வது என்பதைவிட எங்கே போவது என்பதுதான் பெரிய கவலை.

எர்ணாகுளம் அருகே கண்டநாட்டைச் சேர்ந்த ஒருவர் இந்தக் கேள்விக்குச் சொன்ன பதில் யாரும் எதிர்பாராதது. 2021 ஜனவரியில் இந்தியக் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற கமாண்டர் அபிலாஷ் டோமிதான் அவர். அப்போது அவருக்கு 42 வயதுகூட நிறையவில்லை. ஒரு பழைய பாய்மரப் படகை எடுத்து, அதைச் செப்பனிட்டு, தன்னந்தனியாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகத்தைச் சுற்றி வருவதுதான் அவருடைய ஓய்வுக்காலத் திட்டம்.

இதில் ஒரு விஷயம் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருடைய முதுகெலும்பில் டைட்டானியம் கம்பிகள் இருக்கின்றன. அவற்றை வைக்க வேண்டி வந்ததே இதே போன்ற ஒரு பயணத்தால்தான்.

முதல் சுற்று, இரண்டாம் சுற்று

அபிலாஷ் டோமி கடற்படையில் விமானி. கடலின் மேல் பறந்து கண்காணிக்கும் பிரிவில் இருந்தவர். 2012 நவம்பர் 1-ஆம் தேதி 'மாதேயி' என்ற 56 அடி பாய்மரப் படகில் பம்பாயிலிருந்து தனியே புறப்பட்டு, எங்கும் நிற்காமல் உலகைச் சுற்றி, 2013 மார்ச் 31-இல் அதே பம்பாய்க்குத் திரும்பினார். மொத்தம் 151 நாள். இந்தியர் ஒருவர் இப்படி நிற்காமல் தனியே சுற்றியது அதுவே முதல் தடவை. அவருக்கு முன்பு கமாண்டர் திலீப் தோந்தே அதே படகில் 2009-10-இல், நடுவே சில துறைமுகங்களில் நின்று, தனியே சுற்றியிருந்தார். கோவாவில் கட்டிய படகு அது.

இரண்டாவது பயணம்தான் விபரீதமாயிற்று. 'கோல்டன் குளோப்' என்ற உலகம் சுற்றும் பாய்மரப் பந்தயத்தில் 2018-இல் அவர் கலந்துகொண்டார். செப்டம்பர் 21-ஆம் தேதி, ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சுமார் 1,900 கடல் மைல் மேற்கே, தென் இந்து மகா சமுத்திரத்தில் புயல் பிடித்துக்கொண்டது. மணிக்கு 130 கிலோமீட்டர் வேகக் காற்று, 14 மீட்டர் உயர அலை. படகு புரண்டது, பாய்மரம் முறிந்தது, அவருடைய முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்திருக்க முடியாமல் படகுக்குள் மூன்று நாள் கிடந்தார்.

தேடிப் போன விமானங்களில் ஒன்று நம் கடற்படையின் பி-8ஐ. அந்த ரக விமானங்களின் வீடு எது தெரியுமா? நம் அரக்கோணம்! அங்கேயுள்ள ராஜாளி தளம்தான். மொரீஷியஸிலிருந்து பறந்து போய் அது படகைக் கண்டது. செப்டம்பர் 24-இல் பிரெஞ்சு மீன்வளக் கண்காணிப்புக் கப்பல் 'ஒசிரிஸ்' அவரை மீட்டு ஆம்ஸ்டர்டாம் என்ற சின்னத் தீவுக்குக் கொண்டு போயிற்று. அங்கிருந்து நம் போர்க்கப்பல் 'சத்புரா' அவரை விசாகப்பட்டினம் கொண்டு வந்தது. டாக்டர்கள் ஐந்து முதுகெலும்புகளைக் கம்பி வைத்து ஒன்றாக இணைத்தார்கள். குழந்தை பழகுவது போல் அவர் மறுபடி நடக்கப் பழகினார்.

சாதாரணமாக யாராயிருந்தாலும் கடல் பக்கமே தலை வைத்துப் படுக்கமாட்டோம். அவரோ வேலையை விட்டு வந்த கையோடு, அதே பந்தயத்தின் அடுத்த ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டார்.

ஏன் பழைய படகு?

இந்தப் பந்தயத்தில் புதுப் படகைக் கொண்டுவந்தால் சேர்க்கமாட்டார்கள். படகின் வடிவமைப்பு 1988-க்கு முற்பட்டதாக இருக்க வேண்டும், நீளம் 32 அடிக்கும் 36 அடிக்கும் இடையில். ரேடியோவில் வழி சொல்லும் ஜி.பி.எஸ். கூடாது. சூரியனையும் நட்சத்திரத்தையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து, காகித வரைபடத்தில் கோடு போட்டுத்தான் போக வேண்டும். பாட்டுக் கேட்க வேண்டுமானால் பழைய கேஸட்! ஆபத்துக் காலத்துக்கு மட்டும் சீல் வைத்த பெட்டியில் நவீனக் கருவிகள் இருக்கும். சீலை உடைத்தால் பந்தயம் போயிற்று.

காரணம், இது 1968-இல் நடந்த முதல் பந்தயத்தின் ஞாபகார்த்தமாக நடப்பது. அந்தப் பந்தயத்தில் ஒன்பது பேர் கிளம்பி ஒரே ஒருவர்தான் முடித்தார். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் என்ற ஆங்கிலேயர், 1969 ஏப்ரல் 22-இல் கரை சேர்ந்தார். அவருடைய 32 அடிப் படகு 'சுஹைலி' எங்கே கட்டியது என்று பார்த்தால் பம்பாயில்! நம் நாட்டுத் தேக்கு. கப்பல் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தபோது, பம்பாய்த் தச்சர்களைக் கொண்டு 1960-களில் கட்டிக்கொண்ட படகு. பந்தயத்துக்கு வந்த படகுகளிலே பகட்டில்லாத படகு அதுதான் என்று சொல்லலாம். 2018-இல் அபிலாஷ் டோமி ஓட்டிய 'துரியா'வும் இந்தச் சுஹைலியை அச்சாகப் பார்த்து கோவாவில் கட்டியதே.

2022 பந்தயத்துக்கு அவர் எடுத்துக்கொண்டது 'ரஸ்ட்லர் 36' என்ற இங்கிலாந்து ரகப் படகு. வடிவமைத்தது 1980 வாக்கில். ஃபைபர் கிளாஸ் உடம்பு. நீளம் 36 அடிக்குச் சற்றுக் குறைவு, அதாவது பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டியில் சரிபாதி. உதவி செய்த கம்பெனியின் பெயரால் அதற்கு 'பயானத்' என்று பெயர் சூட்டினார்கள்.

அடியில் இருக்க வேண்டிய கனம்

கடலைப் பற்றி நமக்கென்ன தெரியும்? பாலக்காட்டிலும் இடுக்கியிலும் இருக்கிற நமக்குத் தெரிந்த படகு சவாரியெல்லாம் தேக்கடி லாஞ்சும் மாட்டுப்பட்டி அணையும்தான். ஆனால் தேக்கடியை நினைத்தால் ஒரு விஷயம் விளங்கும்.

2009 செப்டம்பர் 30-ஆம் தேதி மாலை தேக்கடி ஏரியில் 'ஜலகன்யகா' என்ற இரண்டு தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிர் விட்டார்கள். இறந்தவர்களில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களும் உண்டு. புயல் இல்லை, அலை இல்லை. தண்ணீரில் இறங்கி இரண்டு மாதம்கூட ஆகாத புதுப் படகு அது. மேல் தட்டில் ஜனக்கூட்டம், எல்லோரும் ஒரு பக்கம் சாய்ந்தார்கள், படகும் சாய்ந்தது. சாய்ந்த படகை நிமிர்த்தி இழுக்க அடியில் கனம் போதவில்லை.

ரஸ்ட்லர் போன்ற படகில் கதை நேர்மாறு. அதன் மொத்த எடை சுமார் ஏழரை டன். அதில் பாதிக்குச் சற்றுக் குறையாக, சுமார் மூன்றரை டன், ஈயம். அந்த ஈயம் முழுதும் படகின் அடியில், முன்னிருந்து பின் வரை நீண்டிருக்கும் ஏராவுக்குள் இருக்கிறது. தலையாட்டிப் பொம்மையை எந்தப் பக்கம் தள்ளினாலும் எழுந்து உட்காருகிறதே, அதே கணக்குத்தான். அலை அடித்துத் தலைகீழாகப் புரட்டினாலும் படகு திரும்ப நிமிரும். சுக்கானும் இந்த ஏராவின் பின் விளிம்பிலேயே பொருத்தப்பட்டிருக்கும். தனியே தொங்கும் சுக்கானைப்போல மிதக்கும் கட்டையில் மோதி முறியாது. வேகம் குறைவுதான். இன்றைய பந்தயப் படகுகள் ஒரு நாளில் போகும் தூரத்துக்கு இதற்கு மூன்று நாள் ஆகலாம். ஆனால் எட்டு மாதம் கடலில் கிடக்கப் போகிறவன் பார்க்க வேண்டியது வேகத்தை அல்ல.

பெயின்ட் கடைசியில்

பழைய படகு வாங்கும் பலர் செய்யும் காரியம், முதலில் நல்ல வர்ணம் அடித்து மெத்தைக்கு உறை மாற்றுவது. விவரம் தெரிந்தவர்கள் இதை வேறு விதமாகச் செய்வார்கள். நம் பொன்மலை ஒர்க்ஷாப்பில் ரயில் பெட்டி பி.ஓ.ஹெச்-க்கு வந்தால் என்ன செய்கிறார்கள்? பெட்டியைத் தூக்கி போகியைக் கழற்றி, ஒவ்வொரு சாமானையும் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்துப் பார்த்து, பிறகுதான் பெயின்ட். படகுக்கும் அதே முறைதான்.

முதலில் உடம்பு. ஃபைபர் கிளாஸ் துருப்பிடிக்காது, உளுக்காது என்று நினைக்கிறோம். ஆனால் பல வருஷம் தண்ணீரிலே நின்றால் மேல் பூச்சைத் தாண்டித் தண்ணீர் உள்ளே ஊறும். அம்மை போட்டதுபோல் கொப்புளம் எழும்பும். அதைச் சுரண்டி எடுத்து, படகை மாதக்கணக்கில் கரையில் காயவைத்து, புதுப் பூச்சுக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியது ஆகிவிடும்.

அடுத்தது ஓட்டைகள். படகிலா ஓட்டை என்று கேட்காதீர்கள். எஞ்சினுக்குத் தண்ணீர் எடுக்க, கக்கூஸ் தண்ணீர் வெளியேற, பாத்திரம் கழுவிய தண்ணீர் போக என்று நீர்மட்டத்துக்குக் கீழே பல துவாரங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்வு. இந்த வால்வு பித்தளையாக இருந்தால் உப்புத் தண்ணீர் அதிலுள்ள துத்தநாகத்தை மெல்ல மெல்லத் தின்றுவிடும். வெளிப் பார்வைக்கு வால்வு முழுசாக இருக்கும், இளஞ்சிவப்பாக நிறம் மாறியிருக்கும், கையால் தட்டினால் உடையும். வெண்கல வால்வாக மாற்ற வேண்டும். விலை ஜாஸ்திதான். ஆனால் அந்த ஒரு துவாரம் திறந்துகொண்டால் படகே போய்விடும்.

பிறகு பாய்மரமும், அதை நாலா பக்கமும் இழுத்துப் பிடிக்கும் கம்பி வடங்களும். எவர்சில்வர் கம்பி என்பதால் பார்ப்பதற்குப் பளபளவென்று இருக்கும். முனையில் திருகிய இடத்திற்குள்ளே ஓர் இழை அறுந்திருக்கும், வெளியே தெரியாது. சுமார் 10 வருஷத்துக்கு ஒருமுறை, நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும், மொத்தமாக மாற்றிவிடுவது உத்தமம் என்பது கடலோடிகள் கணக்கு. அந்த வடங்களைப் படகின் உடம்போடு பிணைக்கும் பட்டைகளை இன்னும் கவனிக்க வேண்டும். தளத்துக்கு அடியில், கண் படாத இடத்தில்தான் அவை அரிக்கும். 2018 பந்தயத்தில் ஜெயித்த பிரெஞ்சுக்காரர் ழான்-லுக் வான் டென் ஹீட் ஓட்டியதும் ஒரு ரஸ்ட்லர் 36-தான். பசிபிக்கில் அது புரண்டபோது, வடத்தைப் பாய்மரத்தோடு பிணைக்கும் இடம் கிழிந்தது. மனிதர் கொந்தளிக்கும் கடலில் பாய்மரத்தின் மேல் ஏறிக் கயிற்றால் கட்டி, அதே மரத்தோடு பந்தயத்தை முடித்தார். அப்போது அவருக்கு வயது 73. முன்பு கணக்கு வாத்தியாராக இருந்தவர்!

தனியே போகிறவன் தூங்க வேண்டாமா? அதற்கு ஒரு கருவி உண்டு. படகின் பின்னால் காற்றைப் பார்த்து நிற்கும் ஒரு தகடு, அதோடு இணைந்து தண்ணீரில் தொங்கும் ஒரு துடுப்பு. படகு திசை மாறினால் தகடு சாய்ந்து துடுப்பைத் திருப்பும், துடுப்பு சுக்கானை இழுத்துப் படகைப் பழைய திசைக்குக் கொண்டுவரும். மின்சாரம் வேண்டாம், சம்பளம் வேண்டாம். வாளையாரில் நிற்பவர்களுக்குக் காற்றின் பலத்தைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோயமுத்தூர்ப் பக்கம் சீறிப் பாயும் அந்தக் காற்றைத்தான் பல்லடம், உடுமலைக் காற்றாலைகள் பிடிக்கின்றன. படகுக்காரனும் அதே காற்றைத்தான் பிடிக்கிறான்.

காற்று வீசும் திசையில்தான் பாய்மரப் படகு போகும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. நேர் எதிராகத்தான் போக முடியாது. சாய்வாக இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம் என்று மாறி மாறிப் போய் எதிர்க்காற்றிலும் முன்னேறலாம். போடிமெட்டு மலைப்பாதையில் பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் திரும்பித் திரும்பி ஏறுகிற மாதிரி.

கடைசியாக ஒரு சின்ன ஜந்து. நம் கடற்கரைக்காரர்கள் கொட்டலசு என்பார்கள். படகின் அடியில் ஒட்டிக்கொண்டு கொத்துக் கொத்தாக வளரும். பின்லாந்தைச் சேர்ந்த டாபியோ லெஹ்டினன் 2018 பந்தயத்தில் கடைசியாக வந்து சேர 322 நாள் ஆனதற்கு இந்தக் கொட்டலசுதான் காரணம். அடியில் விஷப் பூச்சு அடிக்கும்போது ஒரு முழம் இடத்தை ஒழுங்காகப் பூசாமல் விட்டால் கூட, நடுக்கடலில் தண்ணீரில் குதித்துச் சுரண்ட வேண்டி வரும்.

இவ்வளவும் முடிந்த பிறகு, பாய்மரம் முறிந்தால் என்ன செய்வாய், சுக்கான் போனால் எப்படி ஓட்டுவாய் என்று பந்தயக்காரர்கள் செய்து காட்டச் சொல்வார்கள். 2018-இல் அதையெல்லாம் நிஜமாகவே பார்த்தவர் அபிலாஷ் டோமி. அவருக்கு இது பரீட்சையாகத் தோன்றியிருக்காது.

எல்லாம் தயார் என்றிருந்த சமயத்தில் இன்னொரு சோதனை. பந்தயம் தொடங்கச் சில வாரங்கள் இருக்கும்போது, போகும் வழியில் ஒரு சரக்குக் கப்பலோடு படகு உரசி முன்பக்கம் சேதமாகிவிட்டது. மறுபடி ரிப்பேர். ஆனாலும் 2022 செப்டம்பர் 4-ஆம் தேதி, பிரான்சின் லே சாப்ல் தொலோன் துறைமுகத்திலிருந்து மற்றவர்களோடு அவரும் புறப்பட்டார்.

16 பேர் போனார்கள்

புறப்பட்ட படகுகள் 16. எல்லாம் அனுபவசாலிகள் பார்த்துப் பார்த்துச் செப்பனிட்டவை. எங்கும் நிற்காமல் சுற்றி முடித்தவை மூன்றே மூன்று.

மேலே சொன்ன லெஹ்டினன் இந்த முறையும் தன் 'ஆஸ்டீரியா'வில் வந்திருந்தார். 1965-இல் கட்டிய படகு. பெரும் செலவில் புதுப்பித்து, கொட்டலசு விஷயத்தில் பாடம் படித்துக்கொண்டு வந்தார். 2022 நவம்பர் 18-இல் தென் இந்து மகா சமுத்திரத்தில் பின்பக்கமிருந்து தண்ணீர் ஏறி, சில நிமிஷங்களில் படகு முழுகிப் போயிற்று. காற்றடைத்த மிதவையில் அவர் மிதந்தார். பக்கத்தில் இருந்தவர்கள் என்று சொன்னால், நூறு மைலுக்கும் மேற்பட்ட தூரத்தில் இருந்த தென்னாப்பிரிக்கப் பெண்மணி கிர்ஸ்டன் நாய்ஷேஃபரும், நம் அபிலாஷ் டோமியும்தான். இருவரும் படகைத் திருப்பினார்கள். கிர்ஸ்டன் முதலில் போய்ச் சேர்ந்து அவரைக் காப்பாற்றி, 'தார்யா காயத்ரி' என்ற சரக்குக் கப்பலில் ஏற்றிவிட்டார்.

யோசித்துப் பாருங்கள். நாலு வருஷத்துக்கு முன் அதே சமுத்திரத்தில் முதுகு நொறுங்கி, யாராவது வரமாட்டார்களா என்று படுத்துக் கிடந்தவர், இப்போது இன்னொருவனைத் தேடிப் படகைத் திருப்புகிறார்.

வழியெல்லாம் சாமான்கள் உடைந்தன. தானே ஓட்டும் அந்தக் காற்றுக் கருவியின் துடுப்புகள் ஒன்றன் பின் ஒன்றாகப் போயின. மாற்றுத் துடுப்புகளும் தீர்ந்தபோது, படகுக்குள்ளே இருந்த மரத்தையே அறுத்துத் துடுப்புச் செய்துகொண்டார். பாய்கள் கிழிந்தன, தைத்தார். படகை ஒரு திருகாணி விடாமல் அறிந்து வைத்திருப்பவனுக்குத்தான் எந்தப் பலகையை அறுத்தால் படகுக்குக் கேடில்லை என்பது தெரியும். கரையில் வேறொருவரிடம் பணத்தைக் கொடுத்து ரிப்பேர் செய்துகொண்டு கிளம்புகிறவர்களுக்கு அது தெரிய வழியில்லை.

2023 ஏப்ரல் 27-இல் கிர்ஸ்டன் முதலாவதாக வந்தார். இந்த மாதிரி தனியாள் உலகப் பந்தயத்தில் பெண் ஒருவர் ஜெயித்தது அதுவே முதல் தடவை. இரண்டு நாள் கழித்து, ஏப்ரல் 29-இல், 236 நாள் கடலில் இருந்துவிட்டு அபிலாஷ் டோமி இரண்டாவதாக வந்து சேர்ந்தார். மூன்றாமவர் ஆஸ்திரியாக்காரர்.

சுஹைலிக்கு வந்த ஜலதோஷம்

பம்பாய்த் தேக்குப் படகு சுஹைலி என்ன ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். அதைக் கொண்டுபோய் லண்டன் கிரீன்விச் கடல் மியூசியத்தில் கண்காட்சியாக வைத்தார்கள். தண்ணீரில் 30 வருஷம் தாக்குப் பிடித்த தேக்கு, மியூசியத்தின் ஏர்கண்டிஷன் காற்றில் காய்ந்து சுருங்கத் தொடங்கியது. பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்டது. சொந்தக்காரர் பார்த்தார், 2002-இல் வெளியே எடுத்துக்கொண்டு போய்விட்டார். மரம் கெடவில்லை, ஆனால் மரத்தைப் பிணைத்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்துச் சுற்றியிருந்த மரத்தையும் அரித்திருந்தன. 70 வயது கடந்த நாக்ஸ்-ஜான்ஸ்டன், தம் கையாலேயே பல வருஷம் உழைத்து அந்த ஆணிகளை மாற்றி, 2016-இல் படகை மறுபடி தண்ணீரில் இறக்கினார். இங்கிலாந்தில் 'சர்' பட்டம் பெற்றவர், ஆள் வைத்துச் செய்திருக்கலாம்.

மரத்தில் நாமும் சளைத்தவர்கள் அல்ல. யாழ்ப்பாணம் வல்வெட்டித்துறையில் நம் தமிழ்த் தச்சர்கள் வேப்பமரத்தில் 1930-இல் கட்டிய 'அன்னபூரணி' என்ற 89 அடிப் பாய்க்கப்பலை, ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்கி, மனைவியின் பெயரை வைத்து, வல்வெட்டித்துறை மாலுமிகள் ஐந்து பேரோடு அமெரிக்கா கொண்டு போனார். 1938 ஆகஸ்டில் அது குளோஸ்டர் துறைமுகம் சேர்ந்தது. அந்தத் தச்சர்கள் காகிதத்தில் படம் போட்டுக் கட்டியவர்கள் அல்ல.

"சார், இதெல்லாம் பணக்காரர் விளையாட்டு, நமக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். வாஸ்தவம். நம் கிராஜுவிட்டியும் கம்யூட்டேஷனும் சேர்ந்தாலும் அப்படி ஒரு படகின் பாய்க்கும் கம்பிக்குமே காணாது. அபிலாஷ் டோமிக்கும் ஒரு கம்பெனி கை கொடுத்ததால்தான் முடிந்தது. ஆனாலும் ஓய்வுக்குப் பிறகு அவர் செய்த இன்னொரு காரியத்துக்கு எந்தக் கம்பெனியும் தேவைப்படவில்லை. தனக்குத் தெரிந்ததை இரண்டு பேருக்குச் சொல்லிக் கொடுத்தார்.

கடற்படையின் 'தாரிணி' என்ற 56 அடிப் பாய்மரப் படகு 2017-இல் பணிக்கு வந்தது. அந்த ஆண்டே ஆறு பெண் அதிகாரிகள் அதில் உலகைச் சுற்றிவிட்டு 2018 மே மாதம் திரும்பினார்கள். அதே படகு, ஏழு வயதான பிறகு, 2024 அக்டோபர் 2-ஆம் தேதி மறுபடி கோவாவிலிருந்து கிளம்பியது. இம்முறை அதில் இரண்டே பேர், இரண்டும் பெண்கள். லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி, புதுச்சேரிக்காரர். லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, கோழிக்கோட்டுக்காரர். ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு மலையாளப் பெண்ணும்! இருவரையும் மூன்று வருஷம் தயார் செய்த ஆசிரியர் ஓய்வு பெற்ற கமாண்டர் அபிலாஷ் டோமி.

ஆஸ்திரேலியாவில் ஃப்ரீமான்டில், நியூசிலாந்தில் லிட்டில்டன், ஃபாக்லாண்டில் போர்ட் ஸ்டான்லி, தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் ஆகிய நாலே இடங்களில் நின்று, சுமார் 25,400 கடல் மைல் ஓடி, 2025 மே 29-ஆம் தேதி தாரிணி கோவா மர்மகோவா துறைமுகத்துக்குள் நுழைந்தது. ஒருவர் தூங்கும்போது ஒருவர் விழித்திருந்து எட்டு மாதம் ஓட்டிய படகு. வரவேற்கப் பாதுகாப்பு மந்திரியே வந்திருந்தார்.